நல்லா விழுது சார்

சாரல் சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் போனில் வணக்கம் சொல்லத் தெரியாது. வெளியூரிலிருந்து யார் அழைத்தாலும் கேட்கப்போவது ஒன்றுதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா? அதனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவோம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் என் கணவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிக்கு என் பெயரை அனுப்பியவரும் அவர்தான். தென்காசி வீட்டில் நான் மாவாட்டும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். நான் பட்பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். "எப்படிட்டி இவ்வளவும் மண்டைக்குள்ள வச்சிருக்க?" என்பார். ஊரெல்லாம் பெருமையடித்தார். எனக்கோ தெரியாதவர்கள் நாலு பேர் முன்னால் நின்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவள் நான். அதைச் சொன்னால் மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சீசன் நேரத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னைக்கு நான் தனியாகத்தான் ரயிலேறினேன். கேள்வி கஷ்டமாக இருந்தால் ஒருமுறை அவரைப் போனில் அழைத்துக் கேட்கலாம் என்று ஏற்பாடு.

முதல் கேள்வி: தமிழ்நாட்டின் மாநில மலர் எது? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் ஒரு பதில்கூடச் சொல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். அத்தனை பேரிடம் பெருமை பேசிய மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? போன் செய்யும்படி கையால் சைகை காட்டினேன். இதற்கா என்பதுபோல் பார்த்துவிட்டு அவரை அழைத்தார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"வணக்கம் சார், சென்னையிலிருந்து..."

"நல்லா விழுது சார்! ஐந்தருவில கூட்டம் அள்ளுது, நீங்க பழைய குற்றாலம் போயிருங்க. ரூம் நாளைக்குத்தான். ஃபேமிலியா, பேச்சிலரா?"

அரங்கமே சிரித்தது. அவர் மூச்சுவிடாமல் வண்டி நிறுத்தும் இடம்வரைக்கும் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, நாந்தான் பேசுதேன்! தண்ணி விழுதான்னு இப்ப யாரு கேட்டா?" என்று கத்தினேன்.

"ஏட்டி, நீயா? அதுக்குள்ளயா?" என்றார். போனுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து இணைப்பு துண்டானது.

ஆனால் என் தொண்டை திறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே "செங்காந்தள்" என்றேன். அதன்பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் எங்கள் அடுப்படியில் நின்று சொல்வதுபோலச் சொன்னேன். பரிசோடுதான் வெளியே வந்தேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு அவரால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" என்று கேட்டே கொன்றார்கள். அதைக்கூடச் சிரித்துச் சமாளித்தார். என் போன் வாய்ப்பைக் கெடுத்துவிட்டதாகத்தான் இன்றுவரை புலம்புகிறார். அந்தக் குரல் கேட்டிராவிட்டால் ஊமையாகவே எழுந்து வந்திருப்பேன், உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு சீண்டவும் செய்தேன்.

"நான் கூப்பிடுவேன்னு தெரியும்லா? பாத்து எடுத்திருக்கலாம்ல?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"கடைசியில ஏதாவது கஷ்டமான கேள்விக்கு வரும்னு இருந்தேன்ட்டி. மொதக் கேள்விக்கே நீ கூப்பிடுவேன்னு நான் நெனைக்கவேயில்ல."