எழுபத்தெட்டுக் கிலோ

ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலை வாட்டில் நான் மருந்தாளர். வைத்தியர் எழுதும் மருந்தின் அளவை நோயாளியின் சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது.

போன குளிர்காலத்தில் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் இரத்தத்தில் பூஞ்சைத் தொற்றோடு வந்து படுத்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கோயிலில் பார்த்த முகம் என்பதால் நானே போய்க் கதைத்தேன். அந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அவருடையதோ ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. வயது, இரத்தப் பரிசோதனை, நிறை மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவோம். விடை ஐம்பதுக்கு மேல் என்றால் முழு அளவு, கீழே என்றால் பாதி.

நிறை கேட்டேன். எழுபத்தெட்டுக் கிலோ என்றார். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதற்கு மேலால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. சொன்னது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். 'மெலிஞ்சு போனியள்' என்று திருவிழாவில் நாலு பேர் கேட்டதோடு அவர் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தார். எங்கள் சனத்துக்கு அது சுகம் விசாரிப்பு, கேட்கப்படுகிறவருக்கு ஊசி. அப்படிப்பட்டவரைத் தராசில் ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தெட்டைப் போட்டேன், ஐம்பத்தொன்று வந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒன்று மேலே. முழு அளவு சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கினார். ஐந்தாம் நாள், பஸ் ஓட்டுகிற நினைப்பில், இறங்குகிற ஆட்கள் பொத்தானை அமத்த வேண்டும் என்று கட்டிலில் இருந்தபடி தாதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நோர்வேஜியத் தாதி சக்கரத் தராசைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்வெட்டர்களைக் கழற்றி, அவரை ஏற்றி நிறுத்தார். ஐம்பத்தாறு. ஒரு நிமிட வேலை. கணக்கு முப்பத்தேழுக்கு இறங்கியது. மருந்தைப் பாதியாக்கினோம். இரண்டு மூன்று நாளில் அவருக்குத் தெளிந்தது.

பிழை அறிக்கையை நான்தான் நிரப்பினேன். 'நோயாளி தவறான நிறையைச் சொன்னார்' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தெளிந்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பிழை என்ர பக்கம், பிள்ளை. வெக்கத்தில பொய் சொல்லிப்போட்டன். உமக்கு வேலையில ஏதும் கரைச்சல் வந்ததே?”

இல்லை மாமா என்றேன். நானும் பார்த்தனான், தெரிந்துகொண்டுதான் விட்டனான் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் அவருடைய தலையணையைச் சரிசெய்தேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையில் மனைவியோடு பரிசோதனைக்கு வந்தார். நான் வாய் திறக்க முதலே ஜக்கெட்டையும் ஸ்வெட்டரையும் சப்பாத்தையும் கழற்றினார். காற்சட்டைப் பையிலிருந்த வீட்டுத் திறப்புக் கோர்வையைக்கூட எடுத்து மேசையில் வைத்தார். விலா எலும்பு தெரிய, பெனியனோடு தராசில் ஏறி நின்றார்.

“வடிவாப் பாரும் பிள்ளை. இனி உமக்குப் பொய் சொல்லமாட்டன்.”

அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கண்டுபிடித்திராவிட்டால் மனுஷன் போயிருப்பார் என்று கண் கலங்கினார். கண்டுபிடித்தது நான் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. நான் கேட்கவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.