அந்துவான் அண்ணன் மாட்டிய சீல்

செய்தி வந்தபோது நான் துணிக்கடையில் ஒருவருக்கு வேட்டியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குருசுக்குப்பத்தில் அந்துவான் அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான் போன் செய்தார். "அண்ணே, மெக்கானிக்கு போய்ட்டாரு. காலைல ஷட்டரத் தூக்கக் குனிஞ்சவரு நிமிரல." நான் வேட்டியை மடிக்க ஆரம்பித்தேன். வேட்டி வாங்க வந்தவர், "ஏங்க, இன்னும் பாக்கவே இல்லியே" என்றார். எத்தனையோ வருடமாக மடிக்கிற வேட்டி, அன்றைக்குக் கரையோடு கரை சேரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அச்சாகும் இந்தச் சிறு மலரில் என்னை எழுதச் சொன்னது அண்ணனின் மனைவி ரொசாலி அக்கா. நான் ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவன். அதற்குமேல் பள்ளிக்கூடம் தாங்காது என்று நானே விட்டுவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழையை மட்டும் பொறுக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய வண்டி. இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையும் ஈரமும் வெளியே போக அதில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது தெருவெல்லாம் சொட்டாமலிருக்க, குழாயின் முனையில் அண்ணன் ஓர் அலுமினிய டப்பாவை மாட்டிக் கொடுத்திருந்தார். மற்ற மெக்கானிக்குகள் பிரீதர் குழாய் என்பதை அவர் மட்டும் 'ரெனிஃப்ளார்' என்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்த அவருடைய அப்பா வீட்டில் விட்டுப்போன சொல் அது. மூக்கை உறிஞ்சுகிறவன் என்று பொருளாம். ஒருமுறை குழாயில் வெடிப்பு விட்டிருந்தபோது, "ரெனிஃப்ளாருக்கு ஒரு பைப் வாங்கியா" என்று அனுப்பினார். போகிற வழியில் பைப்பை மறந்துவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ரெனிஃப்ளார் ஒண்ணு குடுங்க" என்றேன். கடைக்காரர், "மாத்திரையா, டானிக்கா? மெடிக்கல் ரெண்டு கடை தள்ளி" என்றார். நான் மெடிக்கலிலும் போய்க் கேட்டேன் என்பதை அண்ணன் கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். உங்களில் பாதிப்பேருக்கு என்னை அப்படித்தான் தெரியும்.

ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தால், உள்ளே கட்டித் தயிர் போல வெள்ளையாக ஏதோ நின்றது. வண்டியை மழையில் தள்ளிக்கொண்டே போனேன்.

"அண்ணே, இன்ஜின்ல தண்ணி பூந்துடுச்சு. தொறந்துடுங்க."

அவர் டப்பாவில் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். "வூட்லேர்ந்து கடைக்கு எவ்ளோ தூரம்?"

"ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்."

"சட்டி பாதிச் சூட்டுல இருக்கும்போது மூடியத் தூக்குனா, அடியில தண்ணி முத்து முத்தா நிக்குதா இல்லியா? அதான்யா இது. இன்ஜின் நல்லா சூடேர்றதுக்குள்ள நீ கடைக்குப் போய்ச் சேந்துடற. ஈரம் காயாம எண்ணெயோட சேந்து மோராப் போயிடுது. ஞாயித்துக்கிழமைல காலாப்பட்டு வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டினு வா. வாரத்துக்கு ஒருதபா டப்பாவக் கொட்டு." துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "பயந்துபோய் ஸ்பேனர எடுக்காத. என்னையும் எடுக்கச் சொல்லாத."

இன்ஜினைத் திறந்திருந்தால் அவருக்கு ஒரு வாரம் வேலை. திறக்காமல் என்னைத் திருப்பி அனுப்பினார்.

இனி நான் சொல்ல வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன்னால், செயினுக்குப் பக்கத்தில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துவைக்கிற சீல் ஒன்றை அண்ணன் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் பிரான்சிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நானோ டப்பாவைக் கொட்டிப் பல வாரம் ஆகியிருந்தது. அது நிரம்பி வழிந்து, அவர்கள் வந்த மறுநாள் காலையில் கோலத்தின்மேல் கருப்பாகச் சொட்டியிருந்தது. என் மனைவி குரலைத் தாழ்த்தி, "இன்னொரு சொட்டு வுழுந்துது, வண்டியோட சேத்து உங்களையும் வெளில நிறுத்திடுவேன்" என்றாள். முந்தின நாள் மைத்துனர் திறந்த வைன் பாட்டிலின் கார்க் மேசையில் கிடந்தது. டப்பாவைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயில் அந்த கார்க்கைத் திருகி அடைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. விருந்தாளிகள் கிளம்பும்வரை வண்டியை எடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் கிளம்பிப்போன சந்தோஷத்தில் கார்க்கையே மறந்துவிட்டேன்.

அவர்கள் போன நாலாம் நாள் என் மகள் நித்யா அந்த வண்டியை எடுத்துக்கொண்டு காலாப்பட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். உள்ளே அடைபட்ட புகைக்கு வழி வேண்டுமல்லவா? அது அந்த சீலைப் பிதுக்கித் தள்ளியது. எண்ணெய் செயின் வழியாகப் பின்சக்கரத்தில் இறங்கியது. திருப்பத்தில் வண்டி வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதும் எனக்கு கார்க் ஞாபகம் வரவில்லை. போன மாதம்தான் சீல் மாற்றினார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சத்தமாகச் சொன்னேன்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். நித்யாவும் கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து செயினைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், பிறகு குழாயைத் தடவிக்கொண்டே முனைக்குப் போனார். அவருடைய கை அங்கே நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார்க்கைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்த நித்யாவை ஒருமுறை பார்த்தார். மூடிய கையைச் சட்டைப்பையில் விட்டுவிட்டு எழுந்தார்.

"என் தப்புதான் பாப்பா. சீலு சரியா உக்காரல. மாமாவ மன்னிச்சுக்க."

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "இனிமேலாவது பாத்துச் செய்ங்க அண்ணே" என்றேன்.

அந்தப் பேச்சு தெருத்தெருவாகப் போனது. அவர் மாட்டிய சீல் பிய்ந்து ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்று பலர் வண்டியை வேறு இடத்தில் விட்டார்கள். இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் இருக்கலாம். உங்கள்மேல் குற்றமில்லை. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஒருநாள் அவர் தனியாக இருக்கும்போது போய், "அண்ணே, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பொண்ணுக்குக் கை சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"அப்ப வுடு. மெக்கானிக் சரியில்லன்னா அது வேற மெக்கானிக்கப் பாத்துக்கும். அப்பனுக்கு எங்க போவும்?"

அதற்குப் பிறகு கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என் பின்னால் நின்ற ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுஷன். கடைசிலதான் கை தவறிடுச்சு." என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. ரொசாலி அத்தைகிட்ட யாருப்பா சொல்லுவா?" என்றாள்.

மறுநாள் இருவருமாகப் போனோம். ரொசாலி அக்காவுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரியாது. அவரிடமும் அண்ணன் சீல் சரியாக உட்காரவில்லை என்றே சொல்லியிருக்கிறார். அக்கா என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷமா நான் அவர ஏசினேனே தம்பி. கண்ணு தெரியலன்னா கடைய மூடுன்னு எத்தினி தபா சொன்னேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே மனுஷன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதை எழுதிக் குடுங்க. பூசைக்கு வர்றவங்க எல்லாரு கையிலயும் நானே குடுக்கறேன்" என்றார்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அந்துவான் அண்ணன் மாட்டிய சீல் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அவருடைய கை தவறவில்லை. குழாயை அடைத்தவன் நான். இரண்டு வருடம் அவரும் நானும் ஒரே விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காதது எனக்காக. நான் திறக்காததும் எனக்காகத்தான்.

நித்யா இப்போது என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். சில சமயம் சாப்பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் என்மேல் விழுந்திருக்க வேண்டிய பார்வை அது. அண்ணன் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டு, இரண்டு வருடம் தன்னிடம் வைத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். குனியாமல் வாங்கிக்கொள்ளப் பழகுகிறேன்.