ஜெயராணி அக்கா மொழிபெயர்த்தது

செய்தி வந்தபோது நான் தூத்துக்குடி விமான நிலையத்தில் பெயர் அட்டையோடு நின்றிருந்தேன். நிலைத்த வேளாண்மையை ஆராய நம் பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டுக் குழுக்களை அழைத்து வருவது வழக்கமாக ஜெயராணி அக்காதான். அன்று காலை போன் செய்து, "நெஞ்சு கரிக்கு தம்பி, வாய்வாத்தான் இருக்கும், நீங்க போயிருங்க" என்றார். விமானம் இறங்குவதற்குள் துறை எழுத்தர் அழைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வந்தவர்களை விடுதியில் சேர்த்து, ஏசி ஓடவில்லை என்ற புகாரையும் கேட்டுவிட்டுத்தான் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

அவர் பதவி கள உதவியாளர். ஒப்பந்த வேலை. உண்மையில் செய்தது மொழிபெயர்ப்பு. இந்த ஆற்றுப் பாசனத்தில் யாரெல்லாம் வந்து ஆராய்ந்தார்களோ அவர்கள் எழுதியதில் முக்கால்வாசி இவர் வாய் வழியாகப் போனது. எந்தக் கட்டுரையிலும் இவர் பெயர் இல்லை. நான் எழுதியவற்றிலும் இல்லை.

அவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க மாட்டார். அது எனக்கு எரிச்சல். ஒருமுறை சேரன்மகாதேவியில் ஒரு விருந்தினர், நிலைத்த வேளாண்மை என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று ஒரு விவசாயியிடம் கேட்கச் சொன்னார். அக்கா அவரிடம் கேட்டது: "அண்ணாச்சி, ஒங்களுக்குப் பொறவு இந்த வயலை மவன் பாப்பானா?"

"அவன் திருப்பூர்லல்லா கெடக்கான். வயலுக்கு வரச் சொன்னா போனை வச்சிருதான்."

வண்டியில் ஏறியதும் சண்டை போட்டேன். "கேட்ட கேள்வி அதில்லையே அக்கா."

"அதைக் கேட்டிருந்தா பண்ணைப் பயிற்சியில சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சிருப்பாரு. ஒங்களுக்கு அதுதான் வேணும்னா சொல்லுங்க, நானே எழுதித் தாரேன்."

எங்கள் கேள்வித்தாளைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. "'சில சமயம்'னு ஒரு கட்டம் போட்டிருக்கியள்லா, நம்ம ஆளுக எல்லாரும் அங்கனதான் போயி உக்காருவாக. அதுல நெழலு அதிகம்."

இனி, நான் எழுதியே தீர வேண்டியதற்கு வருகிறேன்.

கால்வாயின் கடைக்கோடியில், பேச்சியம்மாள் என்பவரின் வாழைத் தோட்டத்தில், மண் ஈரம் அளக்கும் கருவி ஒன்றை நட்டிருந்தேன். ஈரம் இருந்தால் பச்சை விளக்கு, காய்ந்தால் சிவப்பு. மூன்று மாதமும் ஈரம் என்றே கணக்கு வந்தது. அப்போது வந்திருந்த வெளிநாட்டுக் குழுவுக்கு மகிழ்ச்சி. கடைமடையிலேயே ஈரம் தங்குகிறது, ஆகவே தண்ணீர் விடும் முறைநாட்களின் இடைவெளியை நீட்டலாம் என்று அறிக்கை தயாரானது. மறுநாள் பாசன அதிகாரிகள் முன் வைக்க வேண்டும்.

அறிக்கையில் இருந்த ஈரக் கணக்கின் வரைபடத்தை அக்கா ஒரு நிமிடம் பார்த்தார். "வாய்க்கால்ல பத்து நாளாத் தண்ணி இல்லை. வாழை எங்கன குடிக்குது?"

அன்று சாயங்காலமே என்னைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். அடிபம்பிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து, கருவியின் காலடியில் மட்டும் பைய ஊற்றிக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள். சுற்றிலும் மண் வெடித்துக் கிடந்தது.

"நீங்கதான் தம்பி, பச்சை எரியணும், செவப்பு எரிஞ்சா தப்புன்னு சொல்லிட்டு ஓடுனிய. செவப்பு எரிஞ்சா ஒங்க வேலைக்கு என்னமும் ஆயிருமோன்னு நெதம் ஒரு கொடம் ஊத்துதேன்."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அடுத்த தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது அன்று.

திரும்பும் வழியில் அக்காவிடம், நாளைய கூட்டம் முடியட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றேன். என் ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது.

"நாளைக்கு அதிகாரிக முடிவு பண்ணிட்டா, பொறவு யாரு தம்பி திருத்துவா? வந்தவுக விமானம் ஏறிருவாக. நீங்களும் வேற ஊருக்குப் போயிருவிய. வாழை அங்கனயேதான நிக்கும்?"

"மொழிபெயர்க்கிற வேலையை மட்டும் பாருங்க" என்றேன்.

மறுநாள் அந்த வேலையைத்தான் பார்த்தார். பேச்சியம்மாளைப் பஸ்ஸில் அழைத்துவந்து கூட்டத்தின் முன்வரிசையில் உட்காரவைத்தார். அறிக்கையை வாசித்து முடித்ததும் எழுந்து, இவர் பேசுவதை மொழிபெயர்க்கிறேன் என்றார். குடம், விளக்கு, என் ஓட்டம் எல்லாவற்றையும், அன்றைக்கு மட்டும், சொல்லுக்குச் சொல். குழுத் தலைவி அறிக்கையை மூடிவைத்தார். மூன்று மாத வேலை போயிற்று. முறைநாள் மாறவில்லை.

என் ஒப்பந்தத்தை எப்படியோ நீட்டினார்கள். அக்காவிடம் நான் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகப் பேச்சு வந்தது. "மொழிபெயர்க்கிற வேலையை மட்டும்" என்றதற்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரை அறிந்த உங்களிடம் பெரிதாக எதுவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. புதிய குழு களத்துக்குப் போகத் தொடங்கிவிட்டது. மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் நானே போகிறேன், சுமாராகத்தான் வருகிறது. ஒன்று மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எதையும் விளக்கி முடித்ததும் கிளம்புவதில்லை. நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். ஆளுக்கு அரைமணி நேரம் போகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. நிற்கிறேன்.