மொட்டைக் கதவு

போன வாரம் எங்கள் தெருப் பையன்கள் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தார்கள். வாசல் கதவில் ஒட்ட வேண்டுமாம். எல்லா வீட்டிலும் ஒட்டியாயிற்று, உங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி என்றார்கள். எந்தச் சாமி, எந்தக் கட்சி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருவன் மரியாதையாகவே கேட்டான்: "அப்ப நீங்க எந்தப் பக்கம் சார்?" இத்தனை வயதாகியும் இந்தக் கேள்விக்கு நான் திருதிருவென்று முழிக்கிறேன். என் மனைவி ரெஜினா இருந்திருந்தால், அது கெடக்கட்டும் தம்பி, உள்ள வந்து காப்பி சாப்பிடு என்றிருப்பாள்.

அவர்கள் போன பிறகும் பசை வாடை வாசலிலேயே நின்றது. பசை வாடை என்றால் எனக்கு ஈரச் சுவர். ஈரச் சுவர் என்றால் யூகலிப்டஸ் விறகுப் புகை. அப்புறம் நேராக அந்தப் பழைய சந்துதான். கிழவன் மனசுக்கு வேறு என்ன சோலி, சொல்லுங்கள்.

கல்யாணமான புதிது. நான் பழனிக்காரன். அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். நெற்றியில் திருநீறு இல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டோம். ரெஜினா கொடைக்கானல், மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரரின் மகள். போதாததற்கு என் அண்ணன் ஒரு கட்சிக்கொடி, அவள் தம்பி அதற்கு நேர் எதிர்க்கொடி. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு தரப்பும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், வராமல் இருந்தது.

நான் அப்போது கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். வீடு கேட்டுப் போன இடமெல்லாம், நீங்கள் என்ன ஆளுங்க என்றார்கள். ரெஜினா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ரெண்டு ஆளுதாங்க, பிள்ளை இன்னும் இல்ல" என்பாள். கதவு சாத்திக்கொள்ளும். கடைசியில் சவரியம்மாள் என்ற அம்மா தன் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டைக் கொடுத்தார். சந்தின் கடைசி வீடு. அதற்கப்புறம் வெறும் பள்ளம்.

அந்தச் சந்தில் ஒவ்வொரு கதவிலும் ஏதாவது ஒன்று இருக்கும். சிலுவை, வேல், பிறை, கட்சிச் சின்னம். மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. கதவைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். அது வசதிக்கு. இன்னொன்றும் சொன்னார்கள். பனிக்குள் ஒன்று அலைகிறதாம். அதற்குப் பேசத் தெரியாது, தட்ட மட்டும் தெரியும். அடையாளம் உள்ள கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும், அடையாளமில்லாத கதவில் நின்றுவிடும். அதனால் மூடுபனியில் குரல் கேட்காமல் யாரும் கதவு திறப்பதில்லை. வருகிறவர்களும் தெருமுனையிலிருந்தே தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த வெள்ளைக்குள்ளிருந்து பேர்கள் முதலில் நடந்து வரும், ஆள் பின்னால் வருவார். முதல் தடவை கேட்டபோது நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

ரெஜினா எங்கள் கதவில் ஒன்றும் மாட்டவிடவில்லை. தட்டுற சத்தம் சந்தில் இறங்கி வருது, ராத்தூக்கம் போச்சு என்று சவரியம்மாள் சண்டைக்கு வந்தார். அந்த மாசக் கடைசிக்குள் ஏதாவது மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் சமாதானமாக, சிலுவை ஒன்று, வேல் ஒன்று, இரண்டையும் மாட்டிவிடலாமே என்றேன். ரெண்டு பேரும்ல கோவிச்சுக்குவாக என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனி வேறு வீடு கிடைக்காது என்று நான் ரெஜினாவிடம் கெஞ்சினேன். உண்மையில் எனக்கு வீடு போவதைவிட அந்தத் தட்டும் சத்தத்தின் பயம்தான் பெரிதாக இருந்தது.

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "சாமி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கட்சியும் இருக்கட்டும். கதவத் தட்டுனா தொறக்கணும். எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

இரண்டு நாள் கழித்து, மத்தியானமே விளக்கேற்றும்படி பனி இறங்கியது. சந்தின் மேல்முனையில் தட்டும் சத்தம் கேட்டது. பேர் இல்லை, குரல் இல்லை. ஒரு கதவு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அடுத்த கதவு. ஒன்றும் திறக்கவில்லை. சவரியம்மாள் கதவிலும் தட்டியது. உள்ளே அவர் ஜெபம் சொல்வது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. பிறகு எங்கள் கதவு. நான் ரெஜினாவின் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டுப் போய்த் திறந்தாள்.

"யாருங்க? உள்ள வாங்க."

வெளியே வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். நான் இனி பிழைக்கமாட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் அந்த வெள்ளை கொஞ்சம் கறுத்து, நனைந்த கம்பளி ஒன்று வாசலைத் தாண்டி வந்தது. கம்பளிக்குள்ளே ஒரு மனிதர். தாடை கிட்டிப்போயிருந்தது, வாய் திறக்க முடியவில்லை. ரெஜினா அவரை அடுப்போரம் உட்காரவைத்து, கடுங்காப்பியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: வெள்ளகவி. கீழே மலைச்சரிவில் இருக்கிற ஊர் அது. எழுந்து கும்பிட்டார், வந்த வழியே போய்விட்டார். பிற்பாடு வெள்ளகவி ஆட்களிடம் விசாரித்தேன்; அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அவர் உட்கார்ந்த பலகையில் ஈரம் வெகுநாள் காயவில்லை. கொடைக்கானலில் எதுதான் காய்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளனே சவரியம்மாள் வந்தார். வாசலுக்கு உள்ளே வராமல் நின்றுகொண்டு, ரகசியம் போலக் கேட்டார்:

"அதுக்குக் கால் இருந்துச்சா தாயி?"

"பாக்கலக்கா. குளிருதுன்னு தெரிஞ்சுது."

சவரியம்மாள் அந்தப் பலகையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாசம் முடிந்தது. காலி செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, வில்பட்டிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வரும்வரை அங்கேதான் இருந்தோம். இங்கேயும் ரெஜினா கதவை அப்படியே விட்டாள். எனக்கும் அதற்குமேல் ஒரு கட்சியோ மதமோ தேவைப்படவில்லை.

சந்து இப்போது முழுக்க ஹோம்ஸ்டே. கதவெல்லாம் கண்ணாடி, மேலே கேமரா. பேரைச் சொல்லிக்கொண்டு யாரும் நடப்பதில்லை, வந்ததும் போன் போடுகிறார்கள். சவரியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மழைக்காலத்தில் ரெஜினாவும் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் இருப்பது கொடுமையாக இருக்கிறது.

அந்தப் பையன்களுக்கு நான் சொல்லாத பதில் ஒன்று உண்டு. மூடுபனி இறங்கும் மத்தியானங்களில், மகள் வைத்துக்கொடுத்த காலிங் பெல்லை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிறேன். ரெஜினாவுக்குக் கடைசிக் காலத்தில் குளிர் தாங்காது. தாடை கிட்டிப்போய், பேர் சொல்லக்கூட முடியாமல், தெருவில் கதவு கதவாகத் தடவிக்கொண்டு வந்தாளென்றால் அவளுக்கு எங்கள் வீடு தெரிய வேண்டும். கைக்கு ஒன்றும் தட்டுப்படாத கதவு இந்தத் தெருவில் இது ஒன்றுதான். தாழ்ப்பாள் போடுவதில்லை.