என் போரை மூடிய மணியன்

மணியனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வர வேண்டாம்.

பதினேழு வயதில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறிய ஆள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ஆந்திரா, ராஜஸ்தான் என்று இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தான். கம்ப்ரசர் இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. அதனால் அவன் சாதாரணமாகப் பேசினாலே சண்டைபோலத்தான் இருக்கும். இப்போது சொந்தமாக ஒரு வண்டி. தண்ணீர் வராத குழியிலிருந்து, மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொண்டு, குழியை அப்படியே திறந்துபோட்டுவிட்டு வந்த காலம் அவனுக்கும் உண்டு. அப்படி எத்தனை குழி என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். சர்க்கார் விதி மாறி, வறண்ட போரை மூடுவது துளைத்தவன் பொறுப்பு என்று வந்ததும் ஐயா திடீர் யோக்கியனாகிவிட்டார்.

மாசியில் மோகனூர்ப் பக்கம் என் காட்டில் போர் போட்டான். எண்ணூற்றைம்பது அடி போயும் புழுதிதான் பறந்தது.

"மூடிரலாமுங்கண்ணா. மூடுனதப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்போணும். கையெழுத்து என்னுது," என்றான்.

"இருக்கட்டும். மழை பேஞ்சா ஊறும்."

ஊறாது என்று எனக்கும் தெரியும். விஷயம் வேறு. என் மகன் தமிழரசுக்கு முப்பத்திநாலு வயது. காடு கழனி பார்க்கிறவனுக்கு இப்போது யார் பெண் கொடுக்கிறார்கள்? கொடுக்க நினைக்கிறவர்களும் முதலில் தண்ணீரைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் மாப்பிள்ளையை. வாழப்பாடிக் குணசீலன் தன் மகளுக்காக அடுத்த புதன்கிழமை எங்கள் காட்டைப் பார்க்க வருவதாக இருந்தார். ஒன்பது வருடத்தில் இவ்வளவு தூரம் வந்த சம்பந்தம் இது ஒன்றுதான். அந்தப் போரில் பழைய மோட்டாரை இறக்கி, குழாயைத் தொட்டிவரை இழுத்து, தொட்டியை லாரித் தண்ணீரால் நிரப்பிவிட்டால் போதும். மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொன்னால் கரண்ட் இல்லை என்று சொல்ல எனக்கா தெரியாது?

"கல்யாணம் முடியட்டும், மூடிக்கலாம்," என்றேன்.

"அதுக்குள்ள ஒரு உசுரு உள்ள உளுந்தா ஆருங்க பதில் சொல்றது?"

"வண்டிய எடுத்துட்டு நடையக் கட்டுடா!"

போனான். நானும் மோட்டாரை இறக்கினேன், தொட்டியை நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை விருந்தாளிகளுக்குப் பழம் வாங்கிவிட்டுத் திரும்பினால், காட்டில் மண் ஏற்றிவந்த டிராக்டர் நிற்கிறது. மோட்டார் வெளியே கிடக்கிறது. குழியைக் கழுத்துவரை மண் போட்டு நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதியும் 'தண்ணீர் இல்லை' என்றும் கீறியிருக்கிறான் படுபாவி. கைபேசியைத் தூக்கிப் போட்டோ வேறு எடுத்தான். அதில் கையை ஓங்கிக்கொண்டு நானும் விழுந்திருப்பேன். பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"என்னைய ஏனுங்க அடிக்கறீங்க? உங்க பையன்தான் போன் போட்டு வரச்சொன்னாரு. மோட்டாரைத் தூக்குனதும் அவருதானுங்க."

திரும்பிப் பார்த்தேன். தமிழரசு தொட்டியோரம் நின்று கையில் இருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வந்த ஒரே வாரத்துல அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சு போயிருமுங்கப்பா. அப்பறம் காலத்துக்கும் அது என்ற மூஞ்சியப் பாக்கோணுமில்லீங்க?"

 அவன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து மணியன்மேல்தான் கொட்டினேன்.

மறுநாள் குணசீலன் வந்தார். சிமெண்டில் இருந்ததை நின்று படித்தார். மரியாதையாகக் காப்பி குடித்தார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். நாலு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயமும் ஆகிவிட்டதாம்.

மணியனை எங்கே கண்டாலும் இன்னும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். கடைவீதியில் நாலு பேர் எதிரிலும் திட்டுகிறேன். அவனை விட்டால் தமிழரசைத் திட்ட வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.