எடுவீனா தோண்டிய பாத்தி

செப்டம்பரில் மழை வாரத்துக்கு நான்கு நாளாகக் குறைந்துவிட்டால், பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் தீவு ஊரான சோன்ச்சியில் அதற்குப் பெயர் வசந்தம். எங்கள் தெருவில் எல்லோரும் குளிர்காலம் முழுக்கச் சேர்த்த அடுப்புச் சாம்பலை வாளியில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருவோம். பெரும்பாலும் எடுவீனா சிகுவாய் எங்களுக்கு முன்பே வந்துபோயிருப்பார்.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சிப்பி ஆலையில் முப்பது வருடம் ஓடு உடைத்தவர். கணவர் இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் தெற்கே புந்தா அரேனாஸில் வேலை பார்த்தார்கள். ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. தன் தோட்டத்தை முடித்ததும் அடுத்தவர் தோட்டத்துக்குள் புகுந்துவிடுவார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ரோஜாவைக் கவாத்து செய்வார், களை பிடுங்குவார், பட்டாணிக்குக் குச்சி நடுவார். யாரிடமும் கேட்கமாட்டார். நாமாகக் கூப்பிட்டால் வரமாட்டார். அதனால் களை அதிகமாகிவிட்டால் நாங்கள் பஸ் ஏறி பக்கத்து நகரமான காஸ்ட்ரோவுக்குப் போய், கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாலையில் திரும்புவோம். தோட்டம் சுத்தமாக இருக்கும். அதைப்பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை.

அவருடைய தோட்டத்துக்குள் மட்டும் யாரும் போனதில்லை. வாயிற்படலைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருப்பார். பாதிரியாரே வேலிக்கு வெளியே நின்றுதான் நலம் விசாரிப்பார்.

அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த வீட்டை எவரிஸ்தோ லகுனாஸ் என்பவர் வாங்கினார். தலைநகர் சந்தியாகோவில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எங்கள் ஊரில் லிஃப்ட் கிடையாது. ஆகவே யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் வந்த முதல் வசந்தத்திலேயே வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு பாத்தி எடுத்து எதையோ நட்டார். கோடையில் அதில் மெல்லிய பச்சை இழைகளாக ஏதோ வளர்ந்தது, குளிரில் காய்ந்தது, அதைத் தரையோடு வெட்டி மேலே வைக்கோல் பரப்பினார். அடுத்த வருடமும் அப்படியே.

மூன்றாவது செப்டம்பரில் கண்ணில் புரை எடுப்பதற்காக அவர் புவெர்தோ மோந்த் போனார். மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு, ஒரு கண்ணில் கட்டோடு திரும்பிவந்தார். நான் வேலியோரம் சாம்பல் தூவிக்கொண்டிருந்தேன். அவருடைய பாத்தியில் வைக்கோலைக் காணவில்லை. மண் கரும்பழுப்பாக, கயிறு பிடித்ததுபோல நேரான வரப்புகளாக இருந்தது. அதன் கடைசியில் எடுவீனா மண்வெட்டியோடு ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் அன்று சீக்கிரம் வந்துவிட்டது.

எவரிஸ்தோ பையைக் கீழே வைத்தார். நல்ல கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எடுவீனாம்மா, இங்க என்ன பண்ணியிருக்கீங்க?"

"உருளைக்கிழங்கு போட்டிருக்கேன். மூணு வருஷமா வெறுமனே கெடக்குது."

"வெறுமனே கெடக்கல. உள்ள அஸ்பாரகஸ் இருந்துச்சு."

"உள்ள ஒண்ணும் இல்ல. செத்த சிலந்தி மாதிரி ஏதோ வேருதான் இருந்துச்சு. அள்ளிக் குப்பையில போட்டுட்டேன்."

"அதுதான் அஸ்பாரகஸ்."

எடுவீனா குப்பைமேட்டைத் திரும்பிப் பார்த்தார். வேர்கள் மழையில் நனைந்து, கால்களை விரித்துக்கொண்டு கிடந்தன.

"ரெண்டு வருஷம் ஒரு தண்டுகூட வெட்டாம விட்டு வெச்சிருந்தேன்" என்றார் எவரிஸ்தோ. "அப்பதான் வேரு தேறும். இந்த மாசம்தான் மொத தடவையா வெட்டிச் சாப்பிடணும்னு இருந்தேன்."

"வெளஞ்சத ரெண்டு வருஷம் திங்காமயா இருந்தீங்க?"

"அப்படித்தாம்மா அது."

 எவரிஸ்தோ பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார். அவர் கத்தியிருந்தால் எடுவீனாவும் கத்தியிருப்பார், விஷயம் இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்திருக்கும். கத்தாததால் எடுவீனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரம் கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு என் வேலிக்கு வந்தார். அஸ்பாரகஸ் என்றால் என்ன என்று தாழ்ந்த குரலில் கேட்டார். டப்பாவில் பார்த்திருக்கிறேன், தின்றதில்லை என்றேன். அவர் யாரிடமாவது ஏதாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அவர் குப்பைமேட்டின்மேல் மண்டியிட்டு வேர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஈரக் கோணியில் கடற்பாசியை விரித்து, அதில் சுற்றி வைத்துவிட்டு, எவரிஸ்தோவின் கதவைத் தட்டினார். அவர் சொன்னதன் சாரம் இது: நட்ட உருளைக்கிழங்கைத் தன்னால் தோண்டி எடுக்க முடியாது, அப்படித் தன் வாழ்க்கையில் செய்ததில்லை. அதற்குப் பதிலாகத் தன் தோட்டத்தில் விறகுக் கொட்டகை ஓரமாக, எங்கள் ஊரில் நாளெல்லாம் அடிக்கும் வடக்கு வெயில் விழும் பாத்தியைக் கொடுக்கிறார். அது அவருடைய மிகச் சிறந்த பாத்தி என்பது தெருவுக்கே தெரியும். பூண்டுக்கென்று ஒவ்வொரு வருடமும் கடற்கரையிலிருந்து பாசி சுமந்து கொட்டியது.

எவரிஸ்தோ யோசித்தார். "அப்ப நான் அங்க வந்து போகணுமே."

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டதத்தான் பாத்தோமே."

எடுவீனா தன் வாயிற்படலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வாங்க" என்றார்.

எவரிஸ்தோ தினமும் ஒரு முக்காலியோடு வந்தார். வேலை மெதுவாகத்தான் நடந்தது. குழி வெட்டி, அதன் நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, வேர்க்கால்களைச் சுற்றிலும் இறக்கிப் பரப்பி, மண் மூடுவார். ஒரு வேருக்கும் அடுத்த வேருக்கும் நடுவில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். எடுவீனா சமையலறை ஜன்னலில் நின்று அவரைப் பார்ப்பார். ஒரு ஆள் தன் தோட்டத்தில் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே மாத்தே இலைத் தேநீர் குடித்ததில் அந்த வாரம் அடுப்பில் ரொட்டி இரண்டு தடவை கருகிப்போனது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நடவு முடிந்த பிறகும் எவரிஸ்தோ களை எடுக்க வந்தார். ஒரு நாள் எடுவீனா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என் பட்டாணிக் குச்சிய யாரு தொட்டது?"

"நான்தான். சாஞ்சிருந்துச்சு. நிமித்தி வெச்சேன்."

"அது சாஞ்சு இருந்தாத்தான் காத்துக்குத் தாங்கும்."

"நீங்க சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

சொல்லி முடித்ததும் எடுவீனா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு உள்ளே போனவர் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் தோட்டங்கள் கெட்டுப்போயின. பலர் காஸ்ட்ரோ போய் வந்தார்கள், களை அப்படியே இருந்தது. பஸ் காசு போனதுதான் மிச்சம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் என் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கவாத்துக் கத்தரியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எடுவீனா நின்றார். ஹைட்ரேஞ்சியாவில் பழைய பூக்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, வெட்டலாமா என்று கேட்டார். வெட்டுங்கள் என்றேன். மூன்றாம் வீட்டுக்காரி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எடுவீனா அங்கே வெகுநேரம் நின்று அந்தச் செடியைப் பார்த்துவிட்டுப் போனார்.

வேர்களில் பாதி அழுகிவிட்டன. மீதி பிழைத்தன. மறுபடியும் இரண்டு வசந்தம் வெட்டாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டுகள் விரல் கனத்தில் முளைத்து வரும்போது எடுவீனாவின் கை கத்தியைத் தேடும். எவரிஸ்தோ முக்காலியை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொள்வார். தண்டுகளைத் தின்ன வரும் நத்தைகளை அந்தி நேரத்தில் இருவருமாகப் பொறுக்குவார்கள். யார் வாளியில் அதிகம் என்று சண்டை வரும்.

ஒருவழியாக வெட்டிய அன்று என்னையும் கூப்பிட்டார்கள். எடுவீனா அதை ஆட்டிறைச்சியோடு சேர்த்து மதியம் வரை வேகவைத்தார். தட்டில் சாம்பல் நிறத்தில் தொய்ந்து கிடந்தது. எவரிஸ்தோ ஐந்து வருடம் காத்திருந்த மனிதர். மென்றார், விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றார் எடுவீனா.

"ரொம்ப வெந்துருச்சு."

"எனக்கும் பெருசா ஒண்ணும் தெரியல. புல்லு மாதிரி இருக்கு."

அடுத்த நாள் எவரிஸ்தோ தன் வாணலியோடு வந்து, எடுவீனாவின் அடுப்பில் வெண்ணெய் போட்டு, தண்டுகளை லேசாக வதக்கிக் கொடுத்தார். எடுவீனா ஒன்றைத் தின்றார். பிறகு தட்டையே காலிசெய்தார். அவசரத்துக்கு ஆகும் என்றார்.

கோடையில் வெட்டாமல் விட்ட தண்டுகள் தோள் உயரத்துக்குப் பச்சைப் புகைபோல விரிந்தன. பிப்ரவரித் திருவிழாவில் மாதாவின் பல்லக்கில் பூவோடு சேர்த்துக் கட்ட அதில் நான்கு கிளை வேண்டும் என்று கோயில் பெண்கள் வந்து கேட்டார்கள். எடுவீனா வேலியருகே வந்து, அது தன்னுடையது இல்லை, அவரைத்தான் கேட்க வேண்டும் என்றார். எவரிஸ்தோ முக்காலியிலிருந்து எழாமலே, வேருக்குச் சாப்பாடு அந்த இலைகள்தான், ஒன்றுகூடத் தரமுடியாது என்றார். பெண்கள் எடுவீனாவைப் பார்த்தார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான் என்றார் எடுவீனா. அந்த வருடம் மாதாவுக்குக் காட்டுப் பெரணி இலைதான் கட்டினார்கள்.