அவர்களே ரத்துச் செய்யட்டும்

கண்டி நகரத்தில் விமானப் பயணச்சீட்டு விற்கும் அலுவலகமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தேன். அங்கே நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: "நீங்களா ரத்துச் செய்யாதீங்க, அவங்களே செய்யட்டும்." பயணி தானாக விலகினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கம்பனி விலகினால், வேறொரு கம்பனியின் விமானத்திலாவது ஏற்றி அனுப்ப வேண்டும். அதுவரை சோறும் படுக்கையும் கொடுக்க வேண்டும். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் இது பொடி எழுத்தில் இருந்தது. கண்டியில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். அச்சடித்தவர்களே படித்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றால் யாராவது வந்து, "சேர், மகன்ட டிக்கட்டுல ஒரு பிரச்சினை" என்பார்கள். நின்ற நிலையிலேயே ஆலோசனை சொல்வேன். அநேகமாக அது சரியாகவே இருக்கும். கேடு அங்கேதான் தொடங்கியது.

என் அக்கா திருச்சியில் இருந்தாள். எழுபதுகளில், இரண்டு அரசாங்கங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில், அத்தான் இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட முடிவெடுத்தார். அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் வேறு யாருமில்லை. அக்காவிடம் கடைசிப் பக்கத்தை நீட்டி, "படிச்சுக் காட்டவா?" என்று கேட்டேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். சரியாகத்தான் இருந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்கு நான் இலங்கை என்று எழுதிக்கொண்டேன். மலிவு டிக்கட் கிடைக்கும் உத்தியோகத்தில் இருந்தும், அதற்குப் பிறகு அவளை இரண்டே தடவைதான் போய்ப் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் அவளுடைய மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மாவுக்கு கிட்னி ரெண்டும் போயிருச்சு. ஒரு வாரம்தான்ங்குறாரு டாக்டர். உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க." இரண்டு நாள் கழித்து, காலையில் திருச்சிக்கு நேராகப் போகும் விமானத்தில் இடம் எடுத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடவுச்சீட்டில் புறப்பாட்டு முத்திரை விழுந்தது. விமானத்தைத்தான் காணவில்லை. பக்கத்துக் கதிரையில், என்னிடம் ஹஜ்ஜுக்கு டிக்கட் எடுத்த அலவத்துகொட புடவைக்கடை ஹாஜியார் இருந்தார். மகளின் கல்யாணத்துக்குச் சாரி எடுக்கப் போகிறாராம்.

அந்தக் காலத்தில் விமானம் பிந்தினால் காரணம் பனிமூட்டமாக இருக்கும், வேலைநிறுத்தமாக இருக்கும், அல்லது ஒரு மந்திரியாக இருக்கும். இப்போது காரணம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. புதுரக எஞ்சின்கள் எண்ணெயை மிச்சம் பிடிக்கின்றன. ஆனால் காலம் வருமுன்பே கழற்ற வேண்டியிருக்கிறது. கழற்றியவை பழுதுபார்க்கும் பட்டறைகளில் மாதக்கணக்கில் வரிசையில் கிடக்கின்றன. புது விமானம் வாங்கலாமென்றால் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் வரிசை. கண்ணாடிக்கு வெளியே, எங்களை ஏற்ற வேண்டிய கம்பனியின் விமானமொன்று நின்றது. இறக்கைக்குக் கீழே எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பாரக்கட்டி தொங்கியது. பாரம் இல்லாவிட்டால் விமானத்தின் சமநிலை கெடும் என்பதற்காக அப்படித் தொங்கவிடுவார்கள். இதை ஹாஜியாருக்கு விளக்கினேன்.

"அப்ப அது பறக்காதே சேர்."

"பறக்காது. ஆனா நேரா நிக்கும்."

பின்னேரம் எங்களைத் திருப்பி அழைத்துவந்தார்கள். புறப்பட்டதாகக் குத்திய முத்திரைக்கு மேல் புறப்படவில்லை என்று இன்னொரு முத்திரை குத்தினார்கள். கம்பனியின் கருமபீடத்தில் இருந்த பெண், "கென்சல் நெஹே சேர், டிலே விதரய்" என்றாள். ரத்து இல்லை, தாமதம் மட்டும்தானாம். அந்தச் சொல்லின் சூட்சுமம் எனக்குத் தெரியும். ரத்து என்றால் கம்பனி வேறு விமானம் பார்த்துத் தர வேண்டும். தாமதம் என்றால் பயணி காத்திருக்க வேண்டும்.

ஹாஜியார் அங்கேயே நின்று, வேறு கம்பனியில் சென்னைக்கு இடம் எடுத்துவிட்டார்.

"சேர், நீங்களும் வாங்கொ. மெட்ராஸ்ல எறங்கி பஸ்ஸ புடிச்சா நாளைக்கி வெள்ளனக்கே திருச்சில ஈக்கலாம்."

"பொறுங்க ஹாஜியார். நாளைக்கு அவங்க ரத்துப் பண்ணித்தான் ஆகணும்."

"சேர், நீங்க அக்காவ பாக்கப் போறீங்களா, இந்தக் கம்பனிய திருத்தப் போறீங்களா?"

நான் சிரித்தேன். இன்னொரு டிக்கட் எடுக்க என்னிடம் வசதி இருந்தது, அது காரணமல்ல. முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதை என் விஷயத்தில் மீறுவது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக் கொடுத்து, "முடிஞ்சா ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

எங்களை நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் வைத்தார்கள். அதற்கும் முதலில் மறுத்தார்கள்; நிபந்தனையின் இலக்கத்தைச் சொன்னதும் கொடுத்தார்கள். மிஞ்சியிருந்த பயணிகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சிலர் "ஐயா, நாங்க இப்ப என்னா செய்யணும்?" என்று மணிக்கொரு தரம் கேட்டார்கள். "ஒண்ணும் செய்யக் கூடாது" என்றேன். சேவைக் காலத்தில்கூட யாரும் என் பேச்சை இவ்வளவு பக்தியோடு கேட்டதில்லை. இரண்டாம் நாளும் தாமதம். மூன்றாம் நாளும் தாமதம்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஹாஜியார் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து, போனை அக்காவின் காதில் வைத்தார்.

"தம்பி, எங்க இருக்க?"

"நீர்கொழும்புல அக்கா. பிளேன் லேட்டு. நாளைக்கு அவங்களே வேற பிளேன்ல ஏத்திவிடுவாங்க. நாமளா கென்சல் பண்ணக் கூடாது, அதான் இருக்கேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஹாஜியார் போனோடு வெளியே வந்துவிட்டார் போலும்; குரலைத் தாழ்த்தினார். "சேர், அல்லாக்காக, அந்தச் சட்டத்த விட்டுப்போட்டு இப்பவே வாங்கொ. மெட்ராஸுக்கு இன்னும் ஒரு பிளேன் ஈக்கிதானே."

இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஓடினால் பிடிக்கலாம். ஆனால் மறுநாள் பத்து மணிக்கு மேல் அந்தப் பயணத்தைத் தாமதம் என்று சொல்ல நிபந்தனைகளில் இடமே இல்லை. "நாளைக்கு" என்றேன்.

நாலாம் நாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அக்காவின் மகன் அழைத்தான். "விடியக்காலையில போயிட்டாங்க மாமா. மத்தியானமே எடுத்துடுறோம்."

"நான் வர்றேன்."

"இனி அவசரப்படாதீங்க மாமா. பிளேன் சரியானதும் வாங்க."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என் மேல் அக்கறையாகத்தான் சொன்னான்.

பத்து மணிக்குப் பலகையில் ரத்து என்று விழுந்தது. என்னைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கருமபீடத்துப் பெண், "சேர் கிவ்வ எக ஹரி" என்றாள். சேர் சொன்னது சரி. சென்னை வழியாக எல்லோருக்கும் இடம் இருந்தது. ஆளுக்கொரு படிவம் நிரப்பினால் போதும். இங்கிலீஷ் படிவம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தேன். ஒரு அம்மா, "ஐயா, இதுல என்னா எழுதியிருக்கு?" என்றுகூடக் கேட்காமல் கையெழுத்து வைத்தார். படிச்சுக் காட்டவா என்று நானும் கேட்கவில்லை.

அவர்கள் கைகாட்டிவிட்டு உள்ளே போனார்கள். என்னுடைய படிவம் வெறுமையாகக் கிடந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன். அதை ஒப்படைக்கக் கடைசித் திகதி எப்போது என்று எனக்குத் தெரியும். அந்தத் திகதியை வீட்டில் நாட்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கழியவிட்டேன்.

ஹாஜியார் ஊருக்கு வந்ததும் என்னைப் பார்க்க வந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதும் பாலத்தடியில் யாராவது என்னை மறித்துக் கேட்கிறார்கள். விமானங்கள் இன்னும் எஞ்சினுக்காகக் காத்து நிற்கின்றன, கேள்விகளும் குறையவில்லை. வேறு என்ன பதில் சொல்லலாம் என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். சரியான பதில் அது ஒன்றுதான். "நீங்களா ரத்துச் செய்யாதீங்க, அவங்களே செய்யட்டும்" என்கிறேன். நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.